இடது காதுக் காஜா

அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் ஓடாது என்பது எப்படி எல்லோருக்கும் தெரியுமோ, அப்படியே மூன்றாம் மாடி டைப்பிஸ்ட் அக்காவுக்கு இடது காது மந்தம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? அதற்குத் தக்கபடி நடந்துகொள்ளவும் செய்தார்கள். படியில் எதிர்ப்பட்டால், "ஆபீஸ் கிளம்பியாச்சா?" என்ற சாதாரணக் கேள்வியே மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழுந்து பறக்கும் அளவுக்குக் கேட்கப்பட்டது. அவள் இரண்டு படி தாண்டியதும், எப்படியும் கேட்கப் போவதில்லை என்ற தைரியத்தில், அவளைப் பற்றியே பேச்சு ஆரம்பமாகும்.

"பாவம். நல்ல பொம்பளை."

"நல்ல பொம்பளைதான். தையல்காரர் பொண்டாட்டி போட்டிருக்கற துணியைப் பாரு. முதுகுல ரெண்டு சுருக்கம்."

அந்தச் சுருக்கம் உட்பட அத்தனையும் அக்காவின் காதில் விழுந்தது. இரண்டு காதிலும் விழுந்தது. இருந்தும் தன் இடது காது போய்விட்டது என்று அவளும்தான் ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் வேலை அப்படி. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் அலுவலகம் அது. விசாரணை, கூட்டம், டாக்டர்கள் கருவிக்குள் முணுமுணுத்து வைக்கும் குறிப்பு என்று எங்கெங்கேயோ பதிவானதெல்லாம் அங்கே வரும். அங்கே இரண்டு பக்கம் உண்டு. கேட்கும் பக்கம், பார்க்கும் பக்கம். கேட்கும் பக்கத்துக்காரர்கள் காதில் இயர்போனைச் செருகி, காலடியில் மிதிகட்டையை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். முன்பாதத்தை அழுத்தினால் குரல் ஓடும், குதிகாலை அழுத்தினால் பின்னால் வரும். பார்க்கும் பக்கத்துக்காரர்கள், மற்றவர்கள் அடித்ததில் எழுத்துப் பிழை தேடுவார்கள். அந்தப் பக்கம் யாரும் ஆசைப்பட்டுப் போனதில்லை.

கேட்கும் பக்கத்தில், ஜன்னலோர நாற்காலியில் அக்கா பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவள். ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்தும் கூட்டத்தில் இருமியது யார் என்று சொல்லுவாள். அவளுக்குக் காது துளை கொஞ்சம் குறுகல். வேறு எந்த இயர்போனைச் செருகினாலும் பத்து நிமிடத்தில் நழுவி மடியில் விழும். ஒன்றே ஒன்றுதான் பொருந்தியது. அதை அவள் கண்ணாடி டப்பாவில் வைத்து, துடைத்து, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கூடவே கொண்டுபோய் வருவாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்ட இரண்டாவது பொருள் அது என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார். முதலாவது எது என்று யாரும் கேட்காததால் அவரே "நான்தான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்காரர் தையல்காரர். அடுத்த தெருவில் கடை. சட்டைக்குப் பொத்தான் துளை போடுவதை மிஷினிடம் விடாமல் இன்னும் கையாலேயே காஜா எடுப்பவர் என்பதால் 'காஜா மாஸ்டர்' என்று பேர். இடது கைக்காரர் ஆகையால் அவருடைய காஜாவில் தையல் எல்லாம் மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். முடிவில் மூன்று சுற்று சுற்றி ஒரு சின்ன முண்டு வைப்பார். சட்டையை எடுத்த எடுப்பில் திருப்பி, "இது மாஸ்டர் கை" என்று சொல்லிவிடலாம். அவருக்கும் அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை அக்கா வழக்கம்போல் மிதிகட்டையை அழுத்தினாள். குரல் ஓடியது, ஆனால் நடுவில் நிற்கவில்லை. அதுவரை பேசுகிறவர் இரண்டு புருவத்துக்கும் நடுவே உட்கார்ந்து பேசுவது போலிருக்கும். அன்றைக்கு ஆள் தலைக்குப் பின்னால் எங்கேயோ பெரிய தொட்டிக்குள் இறங்கி நின்று பேசினார். கனத்த ஆம்பளைக் குரலெல்லாம் சளி பிடித்த மாதிரி மெலிந்துவிட்டது. ஒற்றைக் காதில் மட்டும் செருகினால் சரியாக இருக்கிறது. இரண்டையும் செருகினால் குரல் கலைந்துபோகிறது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாஸ்டரிடம்தான் முதலில் சொன்னாள்.

"என்னங்க, உங்க கடைக்குப் பக்கத்துல போன் ரிப்பேர் கடை இருக்குல்ல, அவர்கிட்ட இதைக் கொஞ்சம் காட்டிட்டு வாங்களேன்."

மாஸ்டர் கொண்டுபோனார். மறுநாள் கொண்டுவந்தார்.

"நல்லா பார்த்துட்டாராம். மிஷின்லயெல்லாம் வச்சுப் பார்த்தாராம். பொருள்ல ஒரு குறையும் இல்லைன்னுட்டார்."

பொருளில் குறை இல்லை என்றால் மிச்சம் இருப்பது காது. காது டாக்டரிடம் போனார்கள். மாஸ்டர் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார், அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பீப் பீப் என்று ஒலிக்க விட்டுப் பார்த்தார். இரண்டு காதும் நன்றாக இருக்கிறது, ஓய்வு எடுங்கள் என்றார்.

"நல்லா இருக்குன்னுட்டாரே?" என்றாள் அக்கா வெளியே வந்து.

"பீப் சத்தம் கேட்டா ஆச்சா? பேச்சு கேட்கறது வேறம்மா. இடது காதுதான் மந்தமாயிருக்கும். வயசாகுதில்ல," என்றார் மாஸ்டர். முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ஒன்றரை மாதம் இழுத்துப் பிடித்தாள். "தெரியாது" என்று சாட்சி சொன்னதை "தெரியும்" என்று அடித்து அனுப்பிய அன்று அவளுக்கே பயம் வந்துவிட்டது. பார்க்கும் பக்கத்துக்கு மாற்றிக்கொடுக்கச் சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்தாள், கை ஓடவில்லை. மாஸ்டரே எழுதிக் கொடுத்தார். 'எனது செவித்திறன் குறைந்துவிட்டபடியால்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம், அழகான கையெழுத்தில். அவள் கீழே கையெழுத்துப் போட்டாள். ஜன்னலோர நாற்காலியும் மிதிகட்டையும் வேறு ஒருத்திக்குப் போயின.

குடியிருப்புக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்றால், அதுவும் மாஸ்டர்தான். "அவகிட்ட பேசும்போது கொஞ்சம் சத்தமா பேசுங்க. மனசு கஷ்டப்படும், நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க," என்று வீடு வீடாக, காதும் காதும் வைத்தாற்போல் சொல்லிவிட்டு வந்தார். முதல் மாடிக்காரம்மாவின் காதில் ஒரு சேதியைக் காதும் காதும் வைத்தாற்போல் சொன்னால் அது எவ்வளவு நேரம் அங்கே தங்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வருடம், போன வாரம், அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். கேட்கும் பக்கத்தில் ஓர் இடம் காலி. திங்கட்கிழமை பரீட்சை. சொந்த இயர்போன் கொண்டுவர வேண்டும்.

அக்கா அதை மூன்று தரம் வாசித்தாள். ஒரு வருடமாகப் பிறர் பிழையைத் திருத்தித் திருத்திக் கண் பூத்துப் போயிருந்தது. ஒருமுறை முயன்றுதான் பார்ப்போமே என்று தோன்றியது. படியில் பின்னாலிருந்து பேசுகிறவர்களின் முணுமுணுப்பெல்லாம் தெளிவாகக் கேட்கிறதே, காது தானாகத் தேறியிருக்கலாமே என்று ஒரு நப்பாசை. டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒரு வருடமாகச் சும்மா கிடந்து வயர் விறைத்துப் பச்சை பூத்திருந்தது. முனையில் தொட்டால் சரசரவென்று சத்தம்.

"வயர் மட்டும் மாத்திட்டாப் போதும். நானே மாத்திக்கறேன். புது வயர் தபால்ல வருது," என்றாள் மாஸ்டரிடம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாஸ்டருக்குப் புரையேறியது.

"அதை எதுக்கு நோண்டறே? தூக்கிப் போடு. வேற வாங்கிக்கலாம்."

"வேற எது என் காதுல நிக்குது?"

"அதைப் பிரிச்சா அவ்வளவுதான், திரும்ப ஒட்டாது. சொன்னாக் கேளு."

ஒட்டாது என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று அந்த நேரம் அக்கா யோசிக்கவில்லை. அவளுக்குப் பரீட்சை யோசனை.

சனிக்கிழமை காலை மாஸ்டர் கடைக்குப் போனதும் அவள் சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்தாள். தரைத்தளத்து லிஃப்ட்காரரிடம் சால்டரிங் ராடும் கொஞ்சம் ஈயமும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். லிஃப்ட்காரர் ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் சரிசெய்கிறவர். அவர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் மட்டும் நாலு வருடமாக இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நிற்கிறது. கேட்டால் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்கு என்பார்.

"அக்கா! வயர் மேல! வார்னிஷ் பூச்சு! இருக்கும்!" என்று ராடைக் கொடுக்கும்போது அவர் இரைந்தார். "சூடு காட்டி! எரிச்சிடணும்! இல்லைன்னா ஈயம் ஒட்டாது!"

"சரி தம்பி. கேட்குது."

"என்னது?"

"கேட்குதுன்னேன்."

முதலில் வலது காதை எடுத்தாள். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, பிளேடை ஓரத்தில் நுழைத்துத் திருப்ப, மூடி விட்டுக்கொடுத்தது. உள்ளே குன்றிமணி அளவு ஸ்பீக்கர். அதன் முதுகில் இரண்டு பொட்டு, ஒன்றின் பக்கத்தில் மட்டும் சிவப்புப் புள்ளி. புள்ளி உள்ள பொட்டில் சிவப்பு வயர், மற்றதில் செம்பு நிற வயர். படம் எடுத்து வைத்துக்கொண்டாள். பழையதை விடுவித்து, புது வயரின் நுனியை எரித்து, முடியிலும் மெல்லியதை நடுங்காமல் பிடித்து ஒட்டினாள். அழகாக வந்தது. தன்னைத் தானே மெச்சிக்கொண்டு தலையைத் தூக்கினால், வயரில் முதலிலேயே கோத்திருக்க வேண்டிய ரப்பர்க் குழல் மேஜை ஓரத்தில் ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. தன்னையே திட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தாள்.

பிறகு இடது காது.

மூடி கழன்றது. அக்கா குனிந்து பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

வயர் இழுபடாமல் இருக்க உள்ளே ஒரு முடிச்சு இருக்க வேண்டும். வலதில் அப்படித்தான் இருந்தது. இதில் முடிச்சு இல்லை. நீல நூலால் வயரைச் சுற்றி, நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், பல்வரிசைபோல் காஜா எடுத்திருந்தது. தையலெல்லாம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. முடிவில் மூன்று சுற்றுச் சுற்றி ஒரு சின்ன முண்டு.

அவள் உட்கார்ந்தாள். ராடு தன் பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது.

எப்போதோ ஒருமுறை திறந்திருக்கிறார், அவ்வளவுதானே, ஒட்டிக் கொடுத்திருக்கிறார், நல்லதுதானே என்று மனம் ஒரு பக்கம் சமாதானம் தேடியது. ஆனால் கண் ஸ்பீக்கரின் முதுகிலேயே நின்றது. சிவப்புப் புள்ளியின் பக்கத்தில் இருந்தது செம்பு வயர். வலதில் சிவப்பு இருந்ததுபோல் இடதில் இருந்த பச்சை வயர், புள்ளி இல்லாத பொட்டில். வலதுக்கு நேர் எதிர்.

ராடு கொடுத்த லிஃப்ட்காரருக்கு வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை போலும். அந்த நேரம் பார்த்து மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்துவிட்டார்.

"என்னக்கா! ஒட்டுச்சா!"

அக்கா இரண்டையும் அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் நூல் வேலையைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"யாரு கை இது! நகை மாதிரில்ல இருக்கு!" என்றவர் அடுத்த நிமிடம் நெற்றியைச் சுருக்கினார். வலதைப் பார்த்தார், இடதைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "நகைதான். ஆனா தலைகீழ். இதைச் செஞ்ச ஆளு வலதைத் திறந்து வச்சு, அதைப் பார்த்து, கண்ணாடியில பார்க்கற மாதிரி இடதுக்குத் திருப்பிப் போட்டிருக்கான். சட்டைக்குக் கை வெட்டற மாதிரி! வலது கைக்கு எதிர் இடது கைன்னு! இது அப்படி இல்லைக்கா. இது செருப்பு இல்ல, சாக்ஸ். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்."

"மாறிப் போனா என்ன ஆகும்?"

"ஒண்ணு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்கும். தனித்தனியா கேட்டா நல்லா இருக்கும். சேர்த்துக் கேட்டா பேசறவன் தொட்டிக்குள்ள விழுந்த மாதிரி இருக்கும்." சொன்ன பிறகுதான் சட்டை, கை, நீல நூல் எல்லாம் அவர் மண்டையில் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார். ஒரு வருடத்தில் முதல் முறையாகத் தணிந்த குரலில், "நான் கீழே போறேன்க்கா. ராடு மெதுவா கொடுங்க," என்றார்.

அக்கா காஜாவைப் பிளேடால் அறுக்கவில்லை. ஊசியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். பிறகு ரப்பர்க் குழலை மறக்காமல் முதலில் கோத்து, பச்சையைப் புள்ளியிலும் செம்பை மற்றதிலும் ஒட்டி, சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, மூடினாள். போனில் செருகி, பயிற்சிக்கென்று வைத்திருந்த பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டாள். ஆள் வந்து புருவத்தின் நடுவே உட்கார்ந்தார். கனத்த குரல், சளி இல்லை, தொட்டி இல்லை. "அடுத்த விஷயத்துக்கு வருவோம்," என்றார் அந்த முன்பின் தெரியாத மனிதர். அக்கா ஓவென்று அழுதாள். காது சரியாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் அழுதாளா என்றால், அதில் பாதிகூட இல்லை.

மதியம் மாஸ்டர் சாப்பிட வந்தார். மேஜையில் தட்டு இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாள், அதன்மேல் சுருள் சுருளாக நீல நூல்.

"இதை எப்போ திறந்தீங்க?"

"எதை?"

அக்கா தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஓ, அதுவா. கடைக்காரன் திறந்திருப்பான்."

"கடைக்காரன் காஜா எடுப்பானா?"

"இப்பல்லாம் யூட்யூபைப் பார்த்து எல்லாரும் எல்லாத்தையும் கத்துக்கறாங்க."

"இடது கையாலயா? எனக்கே காது குத்தறீங்களா?"

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். கடையிலிருந்து மடியில் ஒட்டி வந்த நூல் துண்டுகளைத் தட்டிவிட்டார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்கும்போது டப்பாவோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார், மேட்ச் வர்ணனை கேட்க. வயர் தையல் மிஷின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. இடது காது பிய்ந்துவிட்டது.

"நீ உயிரையே விட்டுடுவேன்னு பயந்துட்டேன். அதான் நானே ஒட்டினேன். பக்கத்துக் கடையில ராடு வாங்கித்தான். ரெண்டு மணி நேரம் ஆச்சு தெரியுமா? கேட்டுப் பார்த்தேன், நல்லாத்தான் கேட்டுச்சு." கொஞ்சம் நிறுத்தி, அடக்க முடியாமல், "லிஃப்ட்காரன் பார்த்தான் போலிருக்கு, வரும்போது முறைச்சான். நூல் வேலையைப் பத்தி ஏதாவது சொன்னானா?" என்றார்.

"நகை மாதிரி இருக்குன்னார்."

மாஸ்டர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. உடனே அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"ரிப்பேர் கடைக்காரர்கிட்ட காட்டச் சொன்னேனே. காட்டினீங்களா இல்லையா?"

"காட்டினா அவன் திறந்து பார்த்திருப்பான்ல?"

"அப்போ குறை இல்லைன்னு சொன்னது?"

மாஸ்டர் நீல நூல் ஒன்றை எடுத்து விரலில் சுற்றினார்.

"டாக்டர்கிட்ட கூட வந்தீங்களே. பையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே."

"நீ பயந்து போயிருந்தே."

"எதுக்குப் பயந்தேன்?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். டாக்டர்கிட்ட போனப்புறம் எப்படிச் சொல்றது? லெட்டர் கொடுத்தப்புறம் எப்படிச் சொல்றது? நாள் ஆக ஆக..." என்று இழுத்தவர் குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் நீ அந்தப் பக்கம் மாறினதுல அஞ்சரைக்கெல்லாம் வீட்டுக்கு வர ஆரம்பிச்சே. முன்னாடி எட்டு ஆகும், வந்தா பேசவும் மாட்டே, காதெல்லாம் வலிக்குதும்பே. இப்போ சாயங்காலம் உட்கார்ந்து பேசிக்கிட்டு இருந்தோம். எனக்கு நல்லா இருந்துச்சு."

அதுதான் அவளை விழத்தட்டியது. அவளுக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலோர நாற்காலி போன துக்கத்தில் ஒரே ஆறுதலாக அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்தச் சாயங்காலங்களைத்தான். இந்த மனுஷன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேன் என்று எத்தனை தரம் நினைத்திருக்கிறாள். ஒரு தரம் வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். அதையும் அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். அடக்கம் என்று அப்போது நினைத்தாள்.

கத்துவாள், தட்டை எறிவாள் என்று எதிர்பார்த்து மாஸ்டர் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் எறியவில்லை.

"என் காது மந்தம்னு யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அத்தனை பேர்கிட்டயும் போய்ச் சொல்லுங்க. என்ன நடந்துச்சோ அதை. கூட்டாம, குறைக்காம."

"சொல்லிடறேன். சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேண்டாம். சொன்னாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் குளித்து, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா கதவைத் திறந்து வைத்து மாடிப்படி வளைவில் வந்து நின்றாள். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று இல்லை. மன்னிக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான். நாலு வார்த்தை நேராகச் சொல்லிவிட்டால் போதும், மற்றதை நாள்பட நாள்பட ஆற்றிக்கொள்ளலாம் என்று ராத்திரியெல்லாம் புரண்டு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

முதல் மாடிக் கதவு திறந்தது.

"என்ன மாஸ்டர், காலங்காத்தால மாப்பிள்ளை மாதிரி!"

"ஒண்ணுமில்லக்கா. நம்ம வீட்டுல அவளுக்குக் காது... இப்போ சரியாயிடுச்சு. இனிமே சத்தமா பேச வேண்டாம்."

"அடடே! எப்படி?"

இரண்டு மாடி மேலே நின்றவளுக்கு மாஸ்டர் எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது.

"பெரிய டாக்டர் ஒருத்தர் கிடைச்சார். புது டிரீட்மென்ட். நானும் விடாம அலைஞ்சேன்."

"நீங்க இருக்கப்போய் ஆச்சு! வேற ஆம்பளையா இருந்தா போனாப் போகுதுன்னு விட்டிருப்பான். எங்க வீட்டுலயும் இருக்காரே!"

"கடமைதானேக்கா," என்றார் மாஸ்டர்.

அக்கா கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். இறங்கிப் போய் அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். குடியிருப்பே திரண்டு வந்து ரசித்திருக்கும். அவள் இறங்கவில்லை. உள்ளே வந்துவிட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து மாஸ்டர் வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லா வீட்டுலயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தையும்தான். வேற என்ன?"

"சரி," என்றாள் அக்கா.

அந்தச் 'சரி'யைக் கேட்டு மாஸ்டருக்கு மனம் லேசாகிவிட்டது. மதியம் நன்றாகச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கவும் செய்தார்.

திங்கட்கிழமை பரீட்சைக்கு ஏழு பேர். பத்து நிமிடப் பதிவு, நாலு குரல், நடுவில் ஒரு நாற்காலி இழுக்கும் சத்தம். அக்கா மிதிகட்டையில் காலை வைத்ததும் பாதம் தானாக நினைவுபடுத்திக்கொண்டது. நாலு பேரும் புருவத்தின் நடுவே வரிசையில் வந்து பேசினார்கள். ஓர் இடத்தில்கூட அவள் குதிகாலை அழுத்தவில்லை.

சூப்பர்வைசர் அம்மா தாளைத் திருத்திவிட்டு அவளை அறைக்குள் கூப்பிட்டாள். பழைய கோப்பிலிருந்து ஒரு பக்கத்தை உருவி மேஜையில் வைத்தாள். அழகான கையெழுத்து. 'எனது செவித்திறன் குறைந்துவிட்டபடியால்.'

"இது ஃபைல்ல இருக்கும்போது உங்களை எப்படி அந்தப் பக்கம் போடறது? காது சரியாயிடுச்சுன்னு ஒரு லெட்டர் கொடுங்க. டாக்டர் சர்டிஃபிகேட் இருந்தா இன்னும் நல்லது."

அக்கா தாளும் பேனாவும் வாங்கி அங்கேயே நின்றபடி எழுதினாள்.

'சென்ற ஆண்டு நான் கொடுத்த கடிதத்தில் என் செவித்திறன் குறைந்துவிட்டதாக எழுதியிருந்தது. அது பொய். அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு அது பொய் என்று அப்போதே தெரியும். எனக்குத் தெரியாது.'

சூப்பர்வைசர் அம்மா இரண்டு தரம் வாசித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எழுதினது உங்க வீட்டுக்காரர்தானே? அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க, என்ன அழகா எழுதறார் பாருங்கன்னு?"

"ஆமா மேடம்."

"இதையேவா ஃபைல்ல வைக்கறது?"

"வைங்க. ஒரு இடத்துலயாவது இருக்கட்டும்."

அந்த அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. காலியாக இருப்பது அந்த ஜன்னலோர நாற்காலிதான், ஆனால் சாயங்கால ஷிஃப்ட், இரண்டிலிருந்து ஒன்பது, வீட்டில் கேட்டுக்கொண்டு நாளைக்குச் சொன்னால் போதும் என்றாள். நாளை வரை வேண்டாம், இப்போதே சரி என்றாள் அக்கா.

வராந்தாவுக்கு வந்ததும் போன் அடித்தது. மாஸ்டர்.

"என்ன ஆச்சும்மா?"

"கிடைச்சிருச்சு."

"அப்பாடா! நான் அப்பவே நினைச்சேன்."

"சாயங்கால ஷிஃப்ட். ரெண்டுலேர்ந்து ஒன்பது."

"ஒன்பதா?" என்றார் மாஸ்டர். "அப்போ சாயங்காலம்? ஒரு வார்த்தை கேட்காமயா ஒத்துக்கிட்டே?"

"யாரைக் கேட்கணும்? அந்தப் பெரிய டாக்டரையா?"

மறுமுனையில் தையல் மிஷின் நின்றது. கடையில் யாரோ, "மாஸ்டர், இந்தக் கை ஒரு விரல் நீளமா இருக்கே," என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கத்தரிக்கோலை மேஜையில் வைக்கும் சத்தம். மாஸ்டரின் மூச்சு. அவள் போனை இடது காதில் வைத்து, அவர் ஏதாவது சொல்வாரா என்று நின்று கேட்டாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்யப் போனாள். முன்பு உட்கார்ந்திருந்தவள் அதை ரொம்பத் தாழ்த்தி வைத்திருந்தாள்.